பல்லக்கா கடித்த நாற்பது மூட்டை

வீட்டு வாசலைத் தாண்டாமலேயே ஒரு குடும்பம் மூன்று நாளில் முந்நூறு கிலோமீட்டர் நடந்ததை நான் பார்த்திருக்கிறேன். செருப்பு இல்லாமல். நடந்தவர்களில் ஒருத்திக்கு வயது நான்கு. முப்பத்தொரு வருஷம் பேருந்தில் டிக்கெட் கிழித்தவன் நான். தூரக் கணக்கில் என்னை யாரும் ஏமாற்ற முடியாது, நானாக யாரையாவது ஏமாற்றினால்தான் உண்டு. கண்டக்டர் கொஞ்சம் கூட்டிச் சொல்வார் என்று இங்கே ஒரு பேச்சு இருக்கிறது. அதுவே கூட்டிச் சொன்ன பேச்சு.

நடந்தது எதிர் வீட்டில். ஓய்வு பெற்றதும் நான் செய்த முதல் காரியம், சன்னலோரம் ஒரு நாற்காலியைப் போட்டு அந்த வீட்டைப் பார்க்க ஆரம்பித்ததுதான். முன் அறை, இரண்டு படுக்கை அறை, சமையலறை, நடுவில் ஒரு நடை, பக்கவாட்டில் ஒட்டிக்கொண்டு ஒரு தானிய அறை. பின்னால் பார்த்தால் கண்ணுக்கு எட்டுகிற வரை கோதுமை. கண்ணுக்கு எட்டாததும் கோதுமைதான், ஆனால் அது அடுத்தவருடையது.

அந்த வீட்டு அம்மாளை எல்லோரும் பல்லக்கா என்பார்கள். காரணம் இருக்கிறது. ஒரு கோதுமை மணியைக் கடைவாயில் வைத்து ஒரு கடி கடித்தால், அதில் ஈரம் நூற்றுக்கு எத்தனை என்று சொல்லிவிடுவார். அறுப்புக் காலத்தில் பக்கத்துப் பண்ணைக்காரர்கள் காகிதத்தில் நாலு மணியை மடித்து எடுத்துக்கொண்டு, டாக்டர் வீட்டு வாசலில் நிற்கிற மாதிரி நிற்பார்கள். ஒரு முறை பல்லக்கா பன்னிரண்டேமுக்கால் என்றார். கேட்டவர் வீட்டுக்குப் போய் ஈரமானி வைத்துப் பார்த்தார், அது பதினான்கு காட்டியது. மனிதர் மறுநாளே ஈரமானியைப் பழுதுபார்க்கக் கொடுத்துவிட்டார்.

அவருடைய வீட்டுக்காரருக்குப் பெயர் முடியாதண்ணன். எதைச் சொன்னாலும் முதல் வார்த்தை அதுதான். "மழை வரும்போல இருக்கே அண்ணே" என்று நான் பேச்சுக்குச் சொன்னால்கூட, "முடியாது" என்பார், மழை அவரிடம் அனுமதி கேட்டு நிற்கிற மாதிரி. உலகத்தில் அவர் அந்த வார்த்தையைச் சொல்லாத ஒரே இடம் மனைவியின் வாய். கல்யாணமான புதிதில் இவர் காய்ந்துவிட்டது என்று அறுக்கப் போன வயலின் வரப்பில் நின்று, புதுப்பெண் ஒரு மணியைக் கடித்துவிட்டு "இன்னும் ரெண்டு நாள் போகட்டும்" என்றாராம். அந்த இரண்டு நாள்தான் அந்த வருஷத்தைக் காப்பாற்றியது. அன்றைக்கு விழுந்தவர், பிறகு எழுந்திருக்கவே இல்லை. டிராக்டரைப் பற்றிப் பெருமை பேசுகிறவர்கள் உண்டு, மாட்டைப் பற்றிப் பேசுகிறவர்கள் உண்டு. இவர் மனைவியின் கடைவாய்ப் பல்லைப் பற்றிப் பேசுவார்.

அந்தப் பற்கள்தான் போன குளிர்காலத்தில் ஒவ்வொன்றாக விடைபெற்றன. மிச்சம் இருந்ததைப் பல் டாக்டர் பிடுங்கிவிட்டு மேலும் கீழுமாக ஒரு பல்செட் செய்து கொடுத்தார். பல்லக்கா சிரித்தால் புதிதாக வெள்ளையடித்த சுவர் மாதிரி இருந்தது. அழகு கூடிவிட்டது என்று எல்லோரும் சொன்னோம். கடிக்க முடிகிறதா என்று ஒருத்தரும் கேட்கவில்லை. கேட்கத் தோன்றவில்லை.

அறுப்பு வந்தது. மற்ற வயல்களில் வெயில் நன்றாக அடித்ததால் சிக்கல் இல்லாமல் போய்விட்டது. கடைசியாக நின்றது விதை வயல். அதில் விளைகிற நாற்பது மூட்டைதான் அடுத்த விதைப்புக்கு. அவர்களுக்கு மட்டுமல்ல, சுற்றியுள்ள பதினொரு பண்ணைக்கும். அந்த ரகம் வேறு எங்கும் கிடையாது. அது கெட்டால் வேறு விதை தேடி வேறு ஊருக்குத்தான் போகவேண்டும்.

அறுப்பு இயந்திரம் வயலோரம் உறுமிக்கொண்டு நிற்கிறது. மேற்கே வானம் கறுத்துக்கொண்டு வருகிறது. முடியாதண்ணன் ஒரு கதிரைக் கசக்கி, உமியை ஊதி, மணியை மனைவியின் உள்ளங்கையில் வைத்தார்.

"சொல்லு."

பல்லக்கா கடித்தார். டக். கொஞ்சம் யோசித்தார். இன்னொன்று எடுத்துக் கடித்தார். டக்.

"காஞ்சிருச்சு" என்றார்.

நான் வேலிக்கு இந்தப் பக்கம் தேநீர்க் குவளையோடு நின்றிருந்தேன். அந்த வார்த்தை வழக்கத்தைவிட மெதுவாக வந்ததாக எனக்குப் பட்டது. ஆனால் ஈரம் எத்தனை என்று சொல்லவில்லையே என்று எனக்கு அப்போது உறைக்கவில்லை. இயந்திரம் உள்ளே இறங்கிவிட்டது. மழைக்கு முன்னால் நாற்பது மூட்டைத் தானியமும் தானிய அறைக்குள் குவியலாகக் கொட்டப்பட்டுவிட்டது. எல்லோருக்கும் சந்தோஷம். மழையும் சந்தோஷமாகப் பிடித்துக்கொண்டது, விடவே இல்லை.

ஆறாம் நாள் காலை, மருமகள் கோழிக்குத் தீனி எடுக்கத் தானிய அறைக்குள் போனாள். அவள் பால் பண்ணையில் பாலைச் சோதிக்கிற வேலையில் இருப்பவள். எதையும் தொட்டுப் பார்க்காமல் தாண்டிப் போகமாட்டாள். போனவள் முழங்கை வரைக்கும் குவியலுக்குள் கையை விட்டாள். விட்ட வேகத்தில் எடுத்தாள்.

"மாமா! இங்க வாங்க! அத்தே!"

நானும் போனேன். என்னைக் கூப்பிடவில்லைதான். முப்பத்தொரு வருஷம் கூப்பிடாத இடத்துக்கெல்லாம் போய் டிக்கெட் கேட்டவன், பழக்கம் விடுமா?

உள்ளே ஒரு புளித்த வாசனை. கையை விட்டுப் பார்த்தேன். காய்ச்சல்காரக் குழந்தையின் கழுத்து மாதிரி கொதித்தது. முட்டையை உள்ளே வைத்திருந்தால் வெந்திருக்கும். சரி, வேகாது. ஆனால் குஞ்சு பொரித்திருக்கும்.

"ஈரத்தோட கொட்டிட்டோம்" என்றாள் மருமகள். "ஈரத் தானியம் குவிஞ்சு கெடந்தா சூடாகும். சூட்டுல முளை செத்துரும்."

"முடியாது" என்றார் முடியாதண்ணன்.

"என்ன மாமா முடியாது? தொட்டுப் பாருங்க."

"தொட்டேன். கூரை தகரம். தகரம் சூடாகுது, தானியம் சூடாகுது."

"ஆறு நாளா வெயிலையே காணோம் மாமா!"

"உள்ள தங்கின சூடு."

மகன் தலையில் கை வைத்துக்கொண்டான். டிராக்டர் ஓட்டுகிறவன், அதிகம் பேசமாட்டான். அப்பாவிடம் பேசிப் பிரயோஜனம் இல்லை என்று பத்து வயதிலேயே கண்டுபிடித்தவன். மருமகள் ஒரு வார்த்தையும் சொல்லாமல் மழையில் வண்டியை எடுத்துக்கொண்டு பால் பண்ணைக்குப் போய், அங்கே தீவனக் கிடங்கிலிருந்து ஈரமானியை இரவல் வாங்கி வந்தாள். அரை மணி நேரத்தில் வந்துவிட்டாள். எங்கள் பேருந்துகூட அந்த தூரத்தை அந்த நேரத்தில் கடந்ததில்லை.

ஒரு பிடி போட்டாள். பதினேழு காட்டியது.

"விதைக்குப் பன்னெண்டைத் தாண்டக் கூடாது" என்றாள்.

"மெஷின் பொய் சொல்லுது" என்றார் அவர். "இவ காஞ்சிருச்சுன்னு சொன்னா. நான் பக்கத்துலதான் நின்னேன். இவ பல்லு முப்பத்தஞ்சு வருஷமா ஒரு தடவை தப்புனது கெடையாது."

அதுவரைக்கும் பல்லக்கா கதவோரம் நின்று முந்தானையை முறுக்கிக்கொண்டிருந்தார். இப்போது முறுக்குவதை நிறுத்தினார்.

"ஏங்க. அது என் பல்லே இல்லீங்க. டாக்டர் செஞ்சு குடுத்தது."

"அதனால என்ன? உன் வாயிலதானே இருக்கு?"

"எனக்கு ஒண்ணுமே தெரியல. எதைக் கடிச்சாலும் டக்குங்குது. காஞ்சதைக் கடிச்சாலும் டக்கு, நனைஞ்சதைக் கடிச்சாலும் டக்கு. ஒண்ணுமே இல்லாம வாயை மூடினாலும் டக்கு. அன்னைக்கு மெஷின் நிக்குது, மழை வருது, எல்லாரும் என் மூஞ்சியவே பாக்கறீங்க. நான் என்ன பண்ணுவேன்? டக்குன்னுச்சு, சொல்லிட்டேன்."

மருமகள் மாமியாரின் தோளைத் தொட்டாள். மகன் தரையைப் பார்த்தான். தப்பு செய்தவரே ஒத்துக்கொண்டாகிவிட்டது, பிறகென்ன என்றுதான் நானும் நினைத்தேன். ஆனால் முடியாதண்ணன் கையை உயர்த்தி, வழக்கை முடிக்கிற நீதிபதி மாதிரி சொன்னார்:

"பயத்துல பேசறா. சும்மா மெஷினைக் காட்டி என் பொண்டாட்டியை மிரட்டாதீங்க. அன்னைக்கு அவ சொன்னது சரிதான்."

பல்லக்கா புருஷனைப் பார்த்த பார்வையை நான் எழுத முயற்சி செய்யமாட்டேன். முப்பத்தைந்து வருஷம் தன்னை நம்பிய மனிதனைக் கழுத்தைப் பிடித்து நெரிக்க வேண்டும் என்று ஒரு பெண் நினைத்தால் அது எப்படி இருக்குமோ, அப்படி இருந்தது.

வெளியே காயவைக்க வழியில்லை. அப்போதுதான் மகன் அந்த வருஷத்தின் ஒரே நீண்ட வாக்கியத்தைப் பேசினான். "வீட்டுக்குள்ள கொட்டிப் பரப்பிடலாம், எல்லா மின்விசிறியும் போட்டு, சன்னலைத் தொறந்து, கால்ல கிண்டிக்கிட்டே இருந்தா மூணு நாள்ல காஞ்சிரும்."

"முடியாது" என்றார் அப்பா.

"உங்களை யாரு கேட்டா?" என்றார் அம்மா.

அந்த வீட்டில் அப்படி ஒரு வாக்கியம் ஒலித்தது அதுதான் முதல் தடவை. சுவரில் இருந்த பல்லி ஓடியதை என் கண்ணால் பார்த்தேன்.

தோற்றுப்போன மனிதர் ஒரு காரியம் செய்தார். ஐந்து மூட்டைத் தானியத்தை அள்ளிக் கட்டி, தானிய அறையின் மூலையில் அடுக்கி, அதன்மேல் ஏறி உட்கார்ந்துகொண்டார். "இதை எவனும் தொடக்கூடாது. இது இப்படியே இருக்கட்டும். இது கெடாம நிக்கும். அப்போ எல்லாரும் இவகிட்ட மன்னிப்புக் கேப்பீங்க."

"எனக்கு யாரும் மன்னிப்புக் கேக்க வேண்டாங்க" என்றார் பல்லக்கா. "அதையும் குடுங்க, காயட்டும்."

"நீ பேசாம இரு. உனக்காகத்தான் பண்றேன்."

மீதி முப்பத்தைந்து மூட்டையும் வீட்டுக்குள் நுழைந்தது. நாற்காலிகள் மேசைமேல் ஏறின, மேசை கட்டில்மேல் ஏறியது. முன் அறையில் இரண்டு அங்குலம், படுக்கை அறைகளில் இரண்டு அங்குலம், நடையில் மூன்று. அடுப்பைச் சுற்றி மட்டும் ஒரு ஆள் நிற்கும் அளவுக்கு இடம் விட்டார்கள். பிறகு நடக்க ஆரம்பித்தார்கள். கோதுமையைக் காலால் கிண்டுவதற்கு ஒரு முறை இருக்கிறது. பாதத்தைத் தூக்கக்கூடாது. இழுத்துக்கொண்டே போகவேண்டும், கலப்பை மாதிரி. பின்னால் சால் விழும், அடியில் இருந்த ஈரம் மேலே வரும். முதல் மணி நேரம் நீளவாக்கில், அடுத்த மணி நேரம் குறுக்குவாக்கில். சுவர் வந்தால் திரும்பவேண்டும். அவ்வளவுதான். அவ்வளவையும் விடிந்ததிலிருந்து இருட்டுகிற வரைக்கும் செய்யவேண்டும்.

நானும் நடந்தேன். என் பங்கு நாற்பது கிலோமீட்டர் இருக்கும்.

முதல் நாள் ஒருவருக்கொருவர் எரிந்து விழுந்தார்கள். மகன் கோணலாகச் சால் போடுகிறான் என்று மருமகள் சொன்னாள். வண்டி ஓட்டுவது போலவே நடக்கிறான் என்றாள். மருமகள் விசிறியைத் திருப்பித் திருப்பி வைப்பதால்தான் தலைவலி வருகிறது என்று மகன் சொன்னான். தேநீரில் கோதுமை, சோப்பில் கோதுமை, காதில் கோதுமை. ஒரு கரண்டி எடுக்கவேண்டும் என்றால் சமையலறைக்கு இரண்டு அறை உழுதுகொண்டு போகவேண்டும். ரொட்டியையும் அவித்த முட்டையையும் கையில் பிடித்துக்கொண்டு நடந்துகொண்டே சாப்பிட்டார்கள். மழை விடுகிற அரை மணிக்கு ஆறு சன்னலைத் திறப்பதும், திரும்பத் தூறினால் ஓடிப்போய் மூடுவதுமாக, சன்னல்களுக்கே மூச்சு வாங்கியது.

நாலு வயதுப் பேத்திக்கு மட்டும் இது பெரிய கொண்டாட்டம். முன் அறையில் உருண்டாள். படுக்கை அறைக்கு நீந்திப் போனாள். "பாட்டி, தெனமும் இப்படியே இருக்கலாமா?" என்று கேட்டாள். "உன் தாத்தா வாயை மூடினா இருக்கலாம்" என்று பதில் வந்தது. இரண்டாம் நாள் மத்தியானம் மகனும் மருமகளும் நடையில் பந்தயம் விட்டுக்கொண்டு கால் இழுத்தார்கள். மகன் வழுக்கி விழுந்தான், சட்டைப் பைக்குள் ஒரு படி கோதுமை போய்விட்டது. பல்லக்கா சிரித்துவிட்டார். பல்செட் வெளியே வந்து கோதுமையில் விழுந்தது. பேத்தி அதைத் தேடி எடுக்கும்வரை யாரையும் நகரவிடவில்லை அவர். எங்கே வேலை நடக்கிறது, எங்கே விளையாட்டு நடக்கிறது என்று பிரிக்க முடியாத மாதிரி ஒரு பத்து நிமிஷம் அந்த வீடு இருந்தது. அந்தப் பத்து நிமிஷத்தையும் முடியாதண்ணன் வந்து முடித்துவைத்தார்.

அவர் நடப்பதில் சேரவில்லை. சேர்ந்தால் தானியம் ஈரம் என்று ஒத்துக்கொண்டதாகிவிடுமே. ஆனால் தேநீர் சமையலறையில் இருந்தது. அதனால் மனிதர் என்ன செய்தார் தெரியுமா? கோதுமையைக் கிண்டிவிடக் கூடாது என்று கொக்கு மாதிரி காலைத் தூக்கித் தூக்கி வைத்து நடந்தார். முழங்கால் மார்புக்கு வரும். மெல்ல இறக்குவார். அடுத்த கால்.

"அப்பா, அப்படியே இழுத்துட்டுப் போனா என்னப்பா?" என்றான் மகன்.

"காஞ்ச தானியத்தை எதுக்குடா கிண்டணும்?"

"தாத்தா, நீங்க கொக்கா?" என்றாள் பேத்தி.

"ஆமா."

பின்னாலேயே பல்லக்கா பாதத்தை இழுத்துக்கொண்டு போனார், புருஷன் மிதித்த இடத்தையும் சேர்த்து உழுதுகொண்டு.

மூன்றாம் நாள் மழைக்கு நடுவே பக்கத்துக் கோழிப்பண்ணைக்காரம்மா வந்தாள். காகிதப் பொட்டலத்தோடு.

"அக்கா, என்னோட மேட்டு வயலு நிக்குது. இதை ஒரு கடி கடிச்சுச் சொல்லுங்களேன். மழை விட்டதும் அறுத்துரலாமான்னு."

"இனிமே நான் கடிக்கறதில்லம்மா" என்றார் பல்லக்கா. "ஈரமானி வெச்சுப் பாரு. மருமககிட்ட இருக்கு."

தானிய அறையிலிருந்து குரல் வந்தது. "அவ சும்மா சொல்றா! கடிக்கச் சொல்லும்மா! அவளுக்குக் கூச்சம்!"

பல்லக்கா நடப்பதை நிறுத்தினார். கோதுமையில் கணுக்கால் வரை நின்றுகொண்டு, சுவருக்கு அந்தப் பக்கம் கேட்கும்படி பேசினார். குரல் உடைந்துவிட்டிருந்தது.

"கேக்குதா உங்களுக்கு? நம்ம நாப்பது மூட்டையை வேக வெச்சாச்சு. இன்னும் எத்தனை பேர் வீட்டுத் தானியத்தை நான் வேக வைக்கணும்? நீங்க ஒத்துக்காத வரைக்கும் இவங்க வந்துட்டேதான் இருப்பாங்க. உங்க வாயிலேர்ந்து வந்தாத்தான் இவங்க நம்புவாங்க. என் பல்லு புகழைப் பரப்பினது நீங்கதானே? ஒரே ஒரு தடவை என்னை நம்பாம இருங்களேன்!"

மூட்டைமேல் யாரோ இடம் மாறி உட்காருகிற சத்தம் மட்டும் கேட்டது.

கோழிப்பண்ணைக்காரம்மா பொட்டலத்தைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். நான் என்ன சொல்வேன்? கண்டக்டர் சொன்னதை யார் நம்புவார்கள்? எல்லாவற்றையும் கூட்டிச் சொல்லிச் சொல்லி, உண்மையை நம்பவைக்க வேண்டிய ஒரு நாளில் நான் உதவாமல் போனேன். "அப்புறம் வரேங்க" என்று அவள் போய்விட்டாள்.

அன்று சாயங்காலம் ஈரமானி பதினொன்றரை காட்டியது. மருமகள் ஒவ்வொரு அறையிலும் மூன்று இடத்தில் எடுத்துப் பார்த்தாள். பதினொன்றரை, பதினொன்றரை, பன்னிரண்டு. எல்லோரும் கட்டிலில் ஏறிக் கால்களைத் தொங்கவிட்டு உட்கார்ந்தார்கள். பாதங்கள் வழுவழுவென்று தேய்த்துப் போட்ட மாதிரி இருந்தன.

ஆனால் காய்ந்தது மட்டும் போதாது. சூட்டில் முளை செத்திருக்கிறதா என்று பார்க்கவேண்டும். மருமகள் வீட்டில் காய்ந்ததிலிருந்து நூறு மணி எண்ணி, ஈரத் துணியில் சுருட்டித் தட்டில் வைத்தாள். முடியாதண்ணன் தன் ஐந்து மூட்டையிலிருந்து தானே நூறு மணி எண்ணி எடுத்து வந்தார். வேறு யாரையும் எண்ணவிடவில்லை. தானே துணியை நனைத்தார், தானே சுருட்டினார், தானே பக்கத்தில் வைத்தார். ஐந்து நாளும் காலையும் மாலையும் அவர் தண்ணீர் தெளித்த அழகைப் பார்க்கவேண்டும். சொந்தப் பிள்ளைக்குக்கூட அவர் அப்படிப் பாலூட்டியிருக்கமாட்டார். இரண்டு துணிக்கும் ஒரே அளவு தெளித்தார் என்பதையும் நான் சொல்லியாகவேண்டும். ஏமாற்றுகிற மனிதர் இல்லை.

ஐந்தாம் நாள் மழை சுத்தமாக விட்டிருந்தது. காலையில் மருமகள் தன் துணியைப் பிரித்தாள். எண்ணினாள். எண்பத்தாறு முளைத்திருந்தது.

"விதைக்குப் போதும்" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். பிறகு சுவர் பக்கம் திரும்பி மூக்கைத் துடைத்துக்கொண்டாள். பதினொரு பண்ணையின் விதைப்பு அந்தத் தட்டில் இருந்தது.

முடியாதண்ணன் தன் துணியைச் சமையலறை மேசையில் வைத்து மெதுவாகப் பிரித்தார். பல்லக்கா அடுப்புப் பக்கம் நின்று வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தார், திரும்பிப் பார்க்கவில்லை. துணியில் மணிகள் வெளுத்து ஊதிக் கிடந்தன. சிலவற்றின்மேல் சாம்பல் நிறத்தில் பூஞ்சை. அவர் விரலால் ஒவ்வொன்றாகத் தள்ளி எண்ணினார். ஒன்று. இரண்டு. கொஞ்ச நேரம் கழித்து மூன்று. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு முதலிலிருந்து எண்ணினார். வாய் பிளந்தும் முளை வராத ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். அதை அந்தப் பக்கம் வைப்பதா இந்தப் பக்கம் வைப்பதா என்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார். ஏழுதான். மூன்று முறை எண்ணினார், ஏழுதான். நான் கூட்டியும் சொல்லவில்லை, குறைத்தும் சொல்லவில்லை.

வாசலில் கோழிப்பண்ணைக்காரம்மாவின் குரல் கேட்டது. புதுப் பொட்டலத்தோடு உள்ளேயே வந்துவிட்டாள்.

"அண்ணே, மெஷின் வயல்ல வந்து நிக்குது. டிரைவர் கத்தறான். அக்கா கடிக்கமாட்டேங்கறாங்க. நீங்க சொன்னா கடிப்பாங்க. ஒரு வார்த்தை சொல்லுங்களேன்."

வெங்காயம் நறுக்குகிற சத்தம் நின்றது.

அவர் அவளைப் பார்க்கவில்லை. மனைவியின் முதுகைப் பார்த்தார். அந்த முதுகு அசையாமல் நின்றது.

"ஈரமானி வெச்சுப் பாரும்மா" என்றார்.

"ஏன் அண்ணே? அக்கா பல்லு தப்பாதுன்னு நீங்கதானே சொல்லுவீங்க?"

"சொன்னேன்." கையிலிருந்த மணியை முளைக்காத மற்ற தொண்ணூற்று இரண்டோடு சேர்த்து வைத்தார். "இவ கடிச்சா. காஞ்சிருச்சுன்னு சொன்னா. காயல. எங்க வீட்டுலதாம்மா நடந்துச்சு."